களம் மறுக்கப்பட்ட வீராங்கனை

நுழையும்முன்

விளையாட்டில் வெற்றியையும் தோல்வியையும் முடிவு செய்வது ஆட்டக்காரரின் திறமை. ஆனால், களத்திற்குள் நுழைய யாருக்கு உரிமை உண்டு என்பதைத் திறமை முடிவு செய்வதில்லை. அதனைச் சமூகம் முடிவு செய்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் கால்பந்தாட்டத்தில் சிறந்து விளங்கிய பெண் ஒருவர், தம் 16ஆம் வயதில் அந்நாட்டின் பெரிய மைதானங்களிலிருந்து விலக்கப்பட்டார். அதன் பின்னரும் 30 ஆண்டுகள் அவர் விளையாடினார். நூற்றுக்கணக்கான கோல்களை அடித்தார். அவர்தாம் லில்லி பார். அவரது வாழ்வு தனியொருவரின் சாதனை வரலாறாகவும், ஒரு சமூகம் தன் பெண்களுக்கு எதை மறுத்தது என்பதற்கான சான்றாகவும் விளங்குகிறது.

கண்ணாடித் தொழில் நகரம்

இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் லங்காஷயர் மாவட்டம் அமைந்துள்ளது. நிலக்கரிச் சுரங்கங்களும் பருத்தி ஆலைகளும் நிறைந்திருந்த அம்மாவட்டத்தில், கண்ணாடித் தொழிலுக்குப் புகழ்பெற்ற நகரமாக அன்று விளங்கியது செயின்ட் ஹெலன்ஸ். அங்கு 1905ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் லில்லியன் பார் பிறந்தார். தந்தை ஜார்ஜ் பார், கண்ணாடித் தொழிற்சாலையில் கூலித் தொழிலாளி. தாயார் சாரா. அவர்களுடைய ஏழு குழந்தைகளுள் லில்லி நான்காமவர்.

வருவாய் குறைந்த தொழிலாளர் குடும்பத்தில் பெண் குழந்தைகள் தையலும் சமையலும் கற்று வீட்டுக்கு உதவியாக இருக்க வேண்டும் என்பதே அக்கால வழக்கம். லில்லியின் மனமோ தம் சகோதரர்கள் விளையாடிய வெற்றிடங்களையே நாடியது. அவர்களோடு கால்பந்தும் ரக்பியும் ஆடினார். ஆண்களுக்கு ஈடாக ஓடவும், மோதி விழுந்தால் உடனே எழவும், பந்தை ஓங்கி உதைக்கவும் அங்கேதான் அவர் கற்றுக்கொண்டார். பயிற்சியாளரோ பயிற்சிக் கூடமோ அவருக்கு வாய்க்கவில்லை. தெருவோரத் திடலே அவருடைய முதல் பள்ளியாயிற்று.

போர் திறந்த கதவு

லில்லிக்கு ஒன்பது வயதானபோது, 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. இலட்சக்கணக்கான ஆண்கள் போர்முனைக்குச் சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற பணிகளைப் பெண்கள் ஏற்றனர். பீரங்கிக் குண்டுகளைச் செய்தல், வெடிமருந்தை நிரப்புதல், பாரமான இரும்புப் பொருள்களைச் சுமத்தல் முதலிய பணிகளைப் பெண்களே மேற்கொண்டனர். வெடிமருந்தைக் கையாண்ட பெண்கள் பலருடைய தோல் மஞ்சள் நிறமாக மாறியது. ஆயினும், அப்பணி பெண்களின் உடலுக்கு ஏற்றதன்று எனக் கூறி அவர்களைத் தடுக்க எவரும் முன்வரவில்லை.

லங்காஷயரைச் சேர்ந்த பிரஸ்டன் நகரில் டிக், கெர் அண்டு கம்பெனி என்னும் தொழிற்சாலை இயங்கியது. டிராம் வண்டிகளும் இரயில் எஞ்சின்களும் செய்துவந்த அத்தொழிற்சாலை, போர்க்காலத்தில் வெடிபொருள் தயாரிப்பில் ஈடுபட்டது. அங்குப் பணியாற்றிய பெண்கள் உணவு இடைவேளையில் முற்றத்தில் கால்பந்து ஆடி மகிழ்ந்தனர். 1917இல் தொழிற்சாலை ஆண்களோடு அவர்கள் மோதிய ஆட்டமே ஓர் அணி உருவாக வித்திட்டது. அலுவலக ஊழியரான ஆல்ஃபிரட் ஃபிராங்க்லண்ட் அவ்வணியின் மேலாளர் பொறுப்பை ஏற்றார். டிக் கெர் மகளிர் அணி இவ்வாறு பிறந்தது.

1917ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பிரஸ்டன் நகரின் டீப்டேல் மைதானத்தில் அவ்வணி மற்றொரு தொழிற்சாலை மகளிர் அணியை எதிர்த்து ஆடியது. போரில் காயமுற்ற வீரர்களின் மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதே ஆட்டத்தின் நோக்கம். ஏறத்தாழ 10,000 பேர் கண்டுகளித்த அப்போட்டியில் டிக் கெர் அணி 4-0 என்ற கோல் கணக்கில் வென்றது. பெண்கள் ஆடும் கால்பந்து வேடிக்கைக்குரிய காட்சியன்று, விறுவிறுப்பான போட்டியே என்பதை மக்கள் அன்று கண்டுகொண்டனர். கறுப்பும் வெள்ளையுமான கோடிட்ட சட்டையும் தலையில் தொப்பியும் அணிந்த அவ்வணியின் பெயர் விரைவில் நாடெங்கும் பரவியது.

பிரஸ்டனுக்கு வந்த சிறுமி

செயின்ட் ஹெலன்ஸ் நகரிலும் ஒரு மகளிர் அணி உருவாயிற்று. அதில் இளம் வயதிலேயே லில்லி இடம்பெற்றார். அவ்வணி டிக் கெர் அணியோடு மோதியபோது, எதிரணியிலிருந்த இருவர் ஃபிராங்க்லண்டின் கண்ணில் பட்டனர். ஒருவர் அலிஸ் உட்ஸ். மற்றொருவர் லில்லி பார். ஆட்டத்தில் தோற்ற அணியில் இருந்தாலும் அவ்விருவரின் திறமையை மேலாளர் உணர்ந்தார். இருவரையும் தம் அணிக்கு அழைத்துக்கொண்டார்.

லில்லிக்கு அப்போது வயது 14. அவருக்குத் தொழிற்சாலையில் வேலையும், பிரஸ்டனில் சக வீராங்கனை ஒருவரின் வீட்டில் தங்குமிடமும் ஏற்பாடு செய்யப்பட்டன. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் 10 ஷில்லிங் வழங்கப்பட்டது. வேலைக்குச் செல்லாமல் ஆட்டத்திற்கு வருவதால் நேரும் கூலி இழப்பை ஈடுசெய்யும் தொகை அது. அதே காலத்தில் ஆண் தொழில்முறை ஆட்டக்காரர் வாரத்திற்கு 9 பவுண்டு வரை, அதாவது 180 ஷில்லிங் வரை பெறலாம் என்ற நிலை இருந்தது. எனினும் கூலித் தொழிலாளியின் மகளான லில்லிக்கு அந்த 10 ஷில்லிங்கும் பெருந்தொகையே.

இடக்காலின் ஆற்றல்

தொடக்கத்தில் லில்லி தற்காப்பு வரிசையின் இடப்புறத்தில் ஆடினார். அவருடைய உதையின் வேகத்தைக் கண்ட அணியினர் அவரை முன்வரிசையின் இடப்புறத்திற்கு மாற்றினர். அவ்விடமே அவருக்கு நிலைத்தது. முதல் பருவத்திலேயே அவர் 43 கோல்களை அடித்ததாகக் கூறப்படுகிறது.

இன்று நாம் காணும் பந்து மழையில் நனைந்தாலும் எடை மாறாது. அக்காலப் பந்து அத்தகையதன்று. தடித்த தோல் துண்டுகளைத் தைத்து, வாரால் இறுக்கிக் கட்டப்பட்ட பந்து அது. சேற்றிலும் மழையிலும் நீரை உறிஞ்சி மேலும் கனமாகிவிடும். அணிந்த காலணிகளும் கனமானவை. அத்தகைய பந்தையும் இடப்புற ஓரத்திலிருந்து வலப்புற ஓரத்திற்கு ஒரே உதையில் அனுப்பும் ஆற்றல் லில்லிக்கு இருந்தது. மூலையிலிருந்து அவர் உதைக்கும் பந்து கோல் வாயிலின் முன்னே துல்லியமாக வந்து இறங்கும். உயரமும் வலிய உடற்கட்டும் கொண்ட அவர் ஓரத்தை ஒட்டி ஓடத் தொடங்கினால் தடுப்பது அரிது. அவருடைய உதையைத் தடுக்க முயன்ற ஆண் கோல்காப்பாளர் ஒருவரின் கை எலும்பு முறிந்ததாக ஒரு கதையும் செவிவழியாக வழங்கி வருகிறது. கதை எவ்வாறாயினும், அவரது காலின் வலிமையைப் பற்றி அக்காலத்தார் கொண்டிருந்த வியப்பை அது காட்டுகிறது.

கோல் அடிப்பதோடு அவர் பணி முடிந்துவிடவில்லை. பிறர் கோல் அடிப்பதற்கு ஏற்ற வகையில் பந்தை அனுப்புவதிலும் அவர் வல்லவராக இருந்தார். டிக் கெர் அணியின் ஃபுளோரி ரெட்ஃபோர்ட், ஜென்னி ஹாரிஸ் முதலிய முன்வரிசை வீராங்கனைகளுக்கு இடப்புறத்திலிருந்து வரும் லில்லியின் பந்து பெருந்துணையாக அமைந்தது.

எல்லை கடந்த ஆட்டம்

1920ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் மகளிர் அணி இங்கிலாந்திற்கு வந்தது. பெண்களின் விளையாட்டு உரிமைக்காகப் பாடுபட்ட அலிஸ் மிலியா அவ்வணியை அழைத்து வந்தார். ஏப்ரல் 30ஆம் நாள் டீப்டேல் மைதானத்தில் 25,000 பேர் முன்னிலையில் நடைபெற்ற முதல் ஆட்டத்தில் டிக் கெர் அணி 2-0 என்ற கணக்கில் வென்றது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் டிக் கெர் அணி பிரான்சுக்குச் சென்று ஆடியது. கண்ணாடித் தொழிலாளியின் மகள் கடல் கடந்து சென்று பாரிஸ் நகரில் பந்து உதைத்தார்.

அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் மற்றொரு புதுமை நிகழ்ந்தது. வேலையற்றிருந்த முன்னாள் போர்வீரர்களுக்கு உதவும் பொருட்டு இரவில் ஓர் ஆட்டம் நடத்த ஃபிராங்க்லண்ட் திட்டமிட்டார். மைதானங்களில் மின்விளக்குக் கோபுரங்கள் இல்லாத காலம் அது. வானூர்திகளைக் கண்டறியப் போரில் பயன்பட்ட தேடுவிளக்குகள் இரண்டை இரவல் தருமாறு அரசுக்கு விண்ணப்பித்தார். போர்த்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அதற்கு இசைவளித்தார். இருளில் தெரியும்படி பந்துகளுக்கு வெள்ளை பூசப்பட்டது. டீப்டேல் மைதானத்தில் ஏறத்தாழ 12,000 பேர் அவ்விரவு ஆட்டத்தைக் கண்டனர். பகைவரைத் தேடிய விளக்கின் ஒளியில் பெண்கள் பந்தாடிய காட்சி, போர் முடிந்து மலர்ந்த புதுக்காலத்தின் அடையாளமாக அமைந்தது.

திரண்ட மக்கள் வெள்ளம்

அந்த இரவு ஆட்டம் முடிந்து பத்து நாள்கள் ஆகியிருந்தன. 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், லிவர்பூல் நகரில் எவர்டன் அணிக்குரிய குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் அணி ஆடியது. எதிரணி வேறெதுவுமன்று, லில்லியின் சொந்த ஊரான செயின்ட் ஹெலன்ஸ் மகளிர் அணியே ஆகும். 53,000 பேர் மைதானத்தை நிறைத்தனர். இடமின்றி வெளியே நின்று திரும்பியோரும் பல்லாயிரவர்.

அணியின் முதன்மைக் கோலாளரான ஃபுளோரி ரெட்ஃபோர்ட் இரயிலைத் தவறவிட்டதால் அன்று வர இயலவில்லை. முதற்பாதியில் ஜென்னி ஹாரிஸ் ஒரு கோல் அடித்தார். இரண்டாம் பாதியில் அணித்தலைவர் அலிஸ் கெல் தற்காப்பு வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்து மூன்று கோல்களை அடித்தார். ஆட்டம் 4-0 என முடிந்தது. அன்று திரண்ட தொகை 3,115 பவுண்டு. அஃது அறப்பணிகளுக்கு வழங்கப்பட்டது.

மகளிர் கழக அணிகளின் ஆட்டத்திற்கு அத்தனை பெரிய கூட்டம் மீண்டும் திரள உலகம் 98 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டு ஸ்பெயினின் மத்ரீத் நகரில் பார்சிலோனா, அட்லெட்டிகோ மகளிர் அணிகள் மோதியபோது 60,739 பேர் கூடினர். அன்றுதான் குடிசன் பார்க்கின் எண்ணிக்கை பின்தள்ளப்பட்டது. இந்நீண்ட இடைவெளி மக்களின் ஆர்வக்குறைவால் விளைந்ததன்று. அதற்கு வேறு காரணம் இருந்தது.

1921ஆம் ஆண்டின் தடை

1921ஆம் ஆண்டில் டிக் கெர் அணி வாரத்திற்கு ஓர் ஆட்டத்திற்கும் மேலாக ஆடியது. நாடெங்கும் ஏறத்தாழ 150 மகளிர் அணிகள் தோன்றியிருந்தன. அவ்வாண்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையிழந்து வாடியபோது, அவர்தம் குடும்பங்களுக்கு நிதி திரட்டவும் மகளிர் ஆட்டங்கள் நடைபெற்றன. பெண்களின் கால்பந்து, தொழிலாளர் வாழ்வோடு இரண்டறக் கலந்துவிட்டது.

போர் முடிந்து ஆண்கள் திரும்பியிருந்தனர். பெண்கள் தொழிற்சாலையை விட்டு மீண்டும் வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்ற குரல் வலுத்திருந்தது. 30 வயதுக்கு மேற்பட்ட, குறிப்பிட்ட தகுதியுடைய பெண்களுக்கு 1918இல் வாக்குரிமை கிடைத்திருந்தது. ஆயினும், ஆண்களுக்கு நிகரான வாக்குரிமையைப் பெற அவர்கள் 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உரிமையின் கதவு பாதி திறந்தும் பாதி மூடியும் இருந்த அக்காலத்தில், கால்பந்து மைதானத்தின் கதவு முழுவதுமாக மூடப்பட்டது.

1921ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. பெண்களுக்குக் கால்பந்து சற்றும் பொருத்தமற்றது, அதனை ஊக்குவித்தல் கூடாது என்று அச்சங்கம் கருத்துரைத்தது. திரட்டப்படும் நிதியில் போதிய பங்கு அறப்பணிக்குச் செல்லவில்லை என்றும் குறைகூறியது. தன்னைச் சார்ந்த கழகங்கள் எவையும் பெண்களின் ஆட்டத்திற்கு மைதானம் தரலாகாது எனக் கேட்டுக்கொண்டது. ஆண்களின் பெரிய கழகங்கள் யாவும் அச்சங்கத்தின் கீழ் இயங்கியமையால், அவ்வேண்டுகோளே ஆணையாயிற்று.

சங்கம் கூறிய இரு காரணங்களும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. நிதியில் முறைகேடு இருந்திருப்பின் கணக்கைத் தணிக்கை செய்து திருத்தியிருக்கலாம். ஆட்டத்தையே நிறுத்த வேண்டியதில்லை. பெண்ணின் உடல் கால்பந்தைத் தாங்காது என்பதே மெய்யாயின், அதே உடல் நான்கு ஆண்டுகள் வெடிமருந்தையும் இரும்பையும் தாங்கியது எவ்வாறு? நாட்டுக்குத் தேவைப்பட்டபோது வலிமையுடையதாகக் கருதப்பட்ட பெண்ணுடல், தேவை தீர்ந்ததும் மெலியதாகக் கருதப்பட்டது. மாறியது உடலன்று, அதனைக் கண்ட பார்வையே.

டிக் கெர் அணியினர் இத்தீர்ப்பை வாய்மூடி ஏற்கவில்லை. மருத்துவர்களையும் செய்தியாளர்களையும் அழைத்துத் தம் ஆட்டத்தை நேரில் காணச் செய்தனர். ஒரு நாள் முழுதும் துணி துவைப்பதால் பெண்ணுக்கு நேரும் தீங்கைவிடக் கால்பந்தால் நேரும் தீங்கு மிகுதியன்று என்பது அவ்வாட்டத்தைக் கண்ட மருத்துவர் ஒருவரின் முடிவு. மகளிர் அணிகள் சில ஒன்றுகூடித் தமக்கெனத் தனிச் சங்கம் ஒன்றையும் அமைத்தன. ஆனால், தடை நீங்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் அமரும் மைதானங்கள் இல்லாமல் கூட்டம் குறைந்தது; கூட்டம் குறையவே பல அணிகள் கலைந்தன.

தடையைக் கடந்த பயணம்

அணிகள் பல மறைந்தபோதும் டிக் கெர் அணி மறையவில்லை. பூங்காத் திடல்களிலும், ரக்பி மைதானங்களிலும், ஊர்ப்புறத்து வயல்வெளிகளிலும் அவ்வணியினர் ஆடினர். 1922இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆடக் கப்பலேறினர். ஆனால், கனடா மண்ணில் ஆட அவர்களுக்கு இசைவு கிடைக்கவில்லை. தாயகத்தின் தடை கடல் கடந்தும் அவர்களைத் தொடர்ந்தது.

அமெரிக்காவை அடைந்தபோது அங்கு அவர்களை எதிர்கொள்ள மகளிர் அணிகள் இல்லை. ஆண்களின் அணிகளே காத்திருந்தன. பின்வாங்காமல் அவர்களோடு ஒன்பது ஆட்டங்கள் ஆடினர். மூன்றில் வெற்றி, மூன்றில் சமநிலை, மூன்றில் தோல்வி. பெண்களுக்குப் பொருத்தமற்றது எனத் தாயகத்தில் ஒதுக்கப்பட்ட ஆட்டத்தில், அயல்நாட்டு ஆண்களுக்கு அவர்கள் நிகராக நின்றனர். 17 வயது லில்லி அவ்வணியின் முன்வரிசையில் இருந்தார்.

செவிலியரும் வீராங்கனையும்

புகழ் இருந்தது, ஆனால், அப்புகழ் வாழ்க்கைக்கு வருவாய் தரவில்லை. பிரஸ்டன் நகருக்கு அருகிலுள்ள விட்டிங்ஹாம் மனநல மருத்துவமனையில் லில்லி பணிக்குச் சேர்ந்து, செவிலியராகப் பயிற்சி பெற்றார். வாரநாள்களில் மனநோயாளரைப் பேணும் பணி, ஓய்வுநாள்களில் கால்பந்து என அவர் வாழ்வு அமைந்தது. அப்பணியைப் பல்லாண்டுகள் செய்து ஓய்வு பெற்றார். மருத்துவமனையில் அறிமுகமாகித் தம் வாழ்க்கைத் துணையான மேரியோடு கூஸ்னர் என்னும் சிற்றூரில் சொந்த வீட்டில் வாழ்ந்தார்.

1926இல் தொழிற்சாலையுடனான உறவு முறிந்தமையால் அணியின் பெயர் பிரஸ்டன் மகளிர் அணி என மாறியது. பெயர் மாறியதே தவிர, லில்லி மாறவில்லை. தம்மோடு தொடங்கிய தோழியர் ஒவ்வொருவராக விலகினர். திருமணமும் குடும்பமும் தொழிலும் அவர்களை அழைத்துக்கொண்டன. புதிய தலைமுறையினர் வந்து சேர்ந்தனர். 53,000 பேரின் ஆரவாரத்தைக் கேட்டிருந்த செவிகள், சில நூறு பேரின் கைதட்டலைக் கேட்டன. ஆயினும், இடப்புற ஓரத்தில் லில்லியின் ஓட்டம் நிற்கவில்லை. மக்கள் திரண்டபோது ஆடிய அதே ஈடுபாட்டோடு, மக்கள் குறைந்தபோதும் ஆடினார். கூட்டத்திற்காக அன்றி, ஆட்டத்திற்காகவே அவர் ஆடினார் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946இல் அவர் அணித்தலைவர் ஆனார். அவ்வணியில் சேர்ந்து கால்நூற்றாண்டு கடந்த பின்னரே அப்பொறுப்பு அவரை வந்தடைந்தது. தம் வயதில் பாதியும் நிரம்பாத இளம்பெண்களை வழிநடத்தினார். 1951ஆம் ஆண்டு, 46ஆம் வயதில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

எண்ணப்படாத கோல்கள்

லில்லி பார் தம் வாழ்நாளில் அடித்த கோல்கள் எத்தனை? 967 என்று ஒரு கணக்கு உண்டு. 980க்கும் மேல் என்று மற்றொரு கணக்கு உண்டு. எக்கணக்கைக் கொண்டாலும், இங்கிலாந்தில் ஆடிய முன்வரிசை ஆட்டக்காரர்களுள் அவர் முதல் வரிசையில் நிற்பவர் என்பதில் ஐயமில்லை.

கணக்குகள் வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. ஆண்களின் ஆட்டங்களில் ஒவ்வொரு கோலும் சங்கத்தின் பதிவேட்டில் ஏறியது. பெண்களின் ஆட்டத்தை ஆட்டமாகவே ஏற்காத சங்கம் அவர்களின் கோல்களை எண்ணவில்லை. நாளிதழ்ச் செய்திகளிலிருந்தும், அணியினர் போற்றிவைத்த குறிப்புகளிலிருந்தும், உடன் ஆடியோரின் நினைவுகளிலிருந்தும் பிற்காலத்தார் திரட்டிய எண்களே இன்று நமக்குக் கிடைக்கின்றன. மைதானத்தை மறுத்தவர்கள் வரலாற்றில் அவருக்குரிய இடத்தையும் சேர்த்தே மறுத்தார்கள். களத்தில் ஒருவரைத் தடுப்பது ஒருநாள் இழப்பு. ஏட்டில் அவரை எழுதாமல் விடுவது தலைமுறைகளின் இழப்பு. அடுத்துவந்த சிறுமியருக்குத் தமக்கு முன் ஒருத்தி ஆடினாள் என்பதே தெரியாமல் போயிற்று.

தெரிந்து தெளிவோம்

டிக் கெர் மகளிர் அணி, பின்னர்ப் பிரஸ்டன் மகளிர் அணி என்ற பெயர்களில் 1917 முதல் 1965 வரை இயங்கியது. அக்காலத்தில் ஆடிய ஆட்டங்கள் 833. வென்றவை 759, சமநிலையில் முடிந்தவை 28, தோற்றவை 46. இவ்வாட்டங்களுள் பெரும்பாலானவை, சங்கத்தின் தடை நடைமுறையில் இருந்த காலத்தில் ஆடப்பட்டவை.

தடை நீங்கியது

1965இல் பிரஸ்டன் மகளிர் அணி கலைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1969இல் மகளிர் கால்பந்துக்கென இங்கிலாந்தில் புதிய சங்கம் தோன்றியது. 1971ஆம் ஆண்டில், அரை நூற்றாண்டாக நிலவிய தடை நீக்கப்பட்டது. அப்போது லில்லிக்கு 66 வயது. 16ஆம் வயதில் அவருக்கு மூடப்பட்ட கதவு, அவர் ஆடும் வயதைக் கடந்து இருபது ஆண்டுகள் ஆனபின் திறந்தது. அக்கதவின் வழியே அவர் நுழைய இயலாது. ஆனால், பிறர் நுழைவதைக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது.

புற்றுநோயால் தாக்குண்ட லில்லி பார், 1978ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் கூஸ்னரில் தம் இல்லத்தில் காலமானார். அவருடைய உடல் பிறந்த ஊரான செயின்ட் ஹெலன்ஸில் அடக்கம் செய்யப்பட்டது.

காலம் மெல்ல அவரை நினைவுகூர்ந்தது. 2002ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் வரிசையை முதன்முதலாக அறிவித்தபோது, அதில் இடம்பெற்ற ஒரே பெண் லில்லி பார். 2019ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரிலுள்ள அவ்வருங்காட்சியகத்தில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. பிரித்தானிய நாட்டில் கால்பந்து வீராங்கனை ஒருவருக்கு எழுப்பப்பட்ட முதல் சிலை அதுவேயாகும். மத்ரீத் நகரில் 60,739 பேர் கூடியதும் அதே ஆண்டில்தான்.

வாழ்வு உணர்த்தும் உண்மை

லில்லி பார் மேடையேறித் தம் உரிமைக்காக உரையாற்றியவர் அல்லர். நூல் எழுதியவரும் அல்லர். தடை விதித்தோர்க்கு அவர் தந்த விடை, அடுத்த வாரமும் ஆட்டத்திற்கு வந்து நின்றதுதான். 30 ஆண்டுகள் அவ்விடையை அவர் தளராமல் தந்தார்.

எனினும், அவருடைய மனவுறுதியைப் போற்றுவதோடு நாம் நின்றுவிடலாகாது. தடைகளைத் தாண்டி வென்றவரைப் புகழ்வது எளிது. தாண்ட இயலாமல் நின்றுவிட்டவர்களை எண்ணிப் பார்ப்பது அரிது. 1921இல் இருந்த ஏறத்தாழ 150 அணிகளில் எத்தனையோ பெண்கள் ஆடினர். அவர்களுள் பலருக்கு ஃபிராங்க்லண்டைப் போன்ற மேலாளரோ, டிக் கெர் அணியைப் போன்ற உறவுகளோ வாய்க்கவில்லை. மைதானம் மூடப்பட்டதும் அவர்கள் ஆட்டத்தை விட்டுச் சென்றனர். அவர்களுள் இன்னும் எத்தனை லில்லிகள் இருந்தனர் என்பதை இனி எவராலும் கூற இயலாது. திறமைக்கு விதிக்கப்படும் தடை, தடைபட்டவரை மட்டும் வறியவராக்குவதில்லை. தடை விதித்த சமூகத்தையும் வறியதாக்குகிறது. மைதானத்தின் கதவுகளை எல்லாருக்கும் திறந்து வைப்பதே அச்சமூகம் தனக்குத் தானே செய்துகொள்ளும் நன்மையாகும்.

கற்பவை கற்றபின்...

1. போர்க்காலத்தில் பெண்களின் உழைப்பை ஏற்ற சமூகம், போர் முடிந்தபின் அவர்களின் விளையாட்டை மறுத்ததற்கான காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.

2. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் தீர்மானத்திற்கு மறுப்பாக, டிக் கெர் அணியின் வீராங்கனை ஒருவர் எழுதுவதுபோல் கடிதம் ஒன்று எழுதுக.

3. உங்கள் ஊரில் விளையாட்டில் சிறந்து விளங்கிய, ஆனால் எங்கும் பதிவு செய்யப்படாத பெண்களைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் தொகுத்து எழுதுக.